மீன் இல்லாத மீன்குழம்பு

வெகுகாலத்துக்கு முன் கொன்றைமங்கலச் சீமையை வேலெறிந்தான் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் புகழ்ந்தவரை மாலையில் திட்டும் ராஜா. அவர் சபையில் தன்னைவிட அறிவாளி இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒருவன் இருந்தான். வேறு யாருமில்லை, நான்தான். பெயர் திருமேனிநாதன்.

இளவரசிக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூன்று நாள் விருந்து. ராஜா எந்நேரமும் அரண்மனைச் சமையற்காரி பொன்னுருவியைப் புகழ்வது எனக்குப் பொறுக்கவில்லை.

"சமையலுக்குத் திட்டம்தான் முக்கியம், அரசே. என்னிடம் விடுங்கள்" என்றேன்.

ஓலையில் எழுதினேன். முதல் மணிக்கு அரிசி, இரண்டாம் மணிக்குப் பருப்பு, மூன்றாம் மணிக்குக் குழம்பில் மீன், நான்காம் மணிக்குப் பந்தி. அன்று எதிர்காற்று. மீன்படகு வரவில்லை. மூன்றாம் மணி அடித்தது.

"மீனைப் போடு" என்றேன்.

"எந்த மீனை, ஐயா?" என்றாள் பொன்னுருவி.

ஓலையில் அதற்குப் பதில் இல்லை. நான்காம் மணிக்குப் பரிமாறினோம். மாப்பிள்ளையின் தகப்பனார் குழம்பை விரலால் துழாவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மணியையே நிறுத்தினேன். "அடுத்தவர் தயாரா என்று கேட்காமல் யாரும் கரண்டியைத் தொடக்கூடாது." அப்பளம் பொரிப்பவர் ஒவ்வோர் அப்பளத்துக்கும் கேட்டார். சாயங்காலம்தான் சோறு வந்தது. சம்பந்தி இலை முன்னாலேயே குறட்டை விட்டார்.

"நாளையும் இப்படியென்றால் கல்யாணம் நின்றுவிடும்" என்று ராஜா பொன்னுருவியை அழைத்தார்.

"மணியும் வேண்டும், கேள்வியும் வேண்டும், அரசே" என்றாள் அவள். "சோறு வேகும் நேரம் எனக்குத் தெரியும். அதை யாரிடமும் கேட்க வேண்டாம். படகு வரும் நேரம் ஆற்றுக்குத்தான் தெரியும். அதற்கு மட்டும் காத்திருப்போம். ஆற்று வளைவில் படகு தெரிந்ததும் ஒருவர் கூவட்டும். அந்த நொடியிலிருந்து எல்லாம் மணிப்படி நடக்கும்."

"கூவுவது யார்?"

"இரண்டு நாளாகச் சத்தம் போட்டுப் பழகியவர் இங்கேயே இருக்கிறாரே, அரசே."

சபை சிரித்தது. மறுநாள் பட்டுத் தலைப்பாகையோடு ஆற்றங்கரை வெயிலில் நின்றேன். பாய்மரம் தெரிந்ததும் "படகு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உலையில் அரிசி விழுந்தது. சோறு வடிக்கும்போது ஆய்ந்த மீன் குழம்பில் கொதித்தது. உச்சிவேளைக்குச் சுடச்சுடப் பந்தி.

சம்பந்தி மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே தாம்பூலம் மாற்றினார். பொன்னுருவிக்குப் பொற்காப்பும், சபையில் என் ஆசனமும் கிடைத்தன. எனக்குப் படகு பார்க்கும் உத்தியோகம் நிரந்தரமானது.

வருத்தம்தான். ஆனால் பத்து வருஷம் சபையில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு நாலு பேர் எழுந்து வேலை செய்தது அன்றைக்குத்தான்.