திருமேனி பிடுங்கிய காற்று

என் பிழைப்பில் முதலில் மண் போட்டவன் திருமேனி. அவன் பேரை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

அப்போது அவன் எங்கள் ஊர் சப் இன்ஸ்பெக்டர். கல்யாண வீட்டுக்கு இரண்டு கேன் பாலோடு விடியுமுன் சைக்கிளில் போனேன். விளக்கு இல்லை என்று நிறுத்தினான். இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினான். காற்று வெளியே போகாமல் பிடித்து நிறுத்தும் வால்டியூப் இரண்டையும் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பால் திரிந்துவிட்டது. அன்றைக்கு ஊர் எனக்கு வைத்த பேர் 'புளிச்சபால் சடையப்பன்'. இன்றைக்கும் அதே பேர்தான்.

அவன் டி.எஸ்.பி.யாகி ரிட்டையர் ஆனான். காக்கியைக் கழற்றிய கையோடு வெள்ளைச் சட்டை போட்டு எம்.எல்.ஏ.வுக்கு நின்றான். முதல் தடவை ஜனங்கள் பயந்து போட்டார்கள், ஜெயித்தான். இரண்டாம் தடவை பயம் தெளிந்துவிட்டது, தோற்றான். மூன்றாவது தேர்தல் வந்தது. இதிலும் தோற்றால் கட்சி இனி சீட்டுத் தராது.

அடிவாரத்து மடத்தில் குழந்தைச் சாமி இருந்தார். திருமேனி சர்வீஸில் இருந்த காலத்திலிருந்தே அவருக்குச் சீடன். ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடி வந்தான். நான் மடத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"சாமி, ஸ்டேஷன்ல இருந்தப்போ ஒரு சத்தம் போட்டா தெருவே வந்து நிக்கும். இப்போ கையெடுத்துக் கும்பிடுறேன், கதவைச் சாத்துறாங்க. ஏன்?"

"நேத்து யார்கிட்டே ஓட்டுக் கேட்டே?"

"தெருவிளக்கு எரியலைன்னு ஒரு பொம்பளை சொல்லிச்சு."

"நீ என்ன சொன்னே?"

"முறைப்படி விசாரிச்சேன். எப்போலேருந்து எரியலை, கடைசியா எரிஞ்சதை யார் பார்த்தது, யார் மேலயாவது சந்தேகம் இருக்கா..."

"அந்த அம்மா?"

"'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, நான் அப்போ ஊர்லயே இல்லை'ன்னு உள்ளே போயிருச்சு."

நான் சிரித்துவிட்டேன். பால் கீழே சிந்தியது.

"யார்றா அது?" என்று திரும்பினான்.

"உன் தொகுதிக்காரர்தான். அவர்கிட்டே கேளேன் ஓட்டு" என்றார் சாமி.

திருமேனி கும்பிட்டான். "அண்ணே, உங்க பேரு?"

"சடையப்பன்."

"அப்பா பேரு? எந்தத் தெரு? இங்கே எத்தனை நாளா வந்து போறே?"

நான் என்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாமி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஓட்டு இருக்கட்டும். என் வால்டியூபைக் குடு!"

கல்யாணப் பால் கதையைச் சொன்னேன். அவனுக்கு நினைவே இல்லை. "விளக்கில்லாம வந்திருப்பே. சட்டப்படி பிடுங்கியிருப்பேன்" என்றான்.

சாமி எழுந்து வெளியே போனார். என் சைக்கிளின் பின்சக்கரத்தில் வால்டியூபைத் திருகிக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். புஸ்ஸென்று சக்கரம் தரையில் உட்கார்ந்தது.

"காத்தடி" என்று என் சைக்கிள் பம்பைத் திருமேனி கையில் கொடுத்தார்.

கூட வந்த கட்சிக்காரர்கள் பம்பைப் பிடுங்கப் பாய்ந்தார்கள்.

"அவன்தான் அடிக்கணும்."

திருமேனி அடித்தான். அடித்த காற்று அடித்த வேகத்தில் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. சத்தம் கேட்டு மடத்து வாசலில் ஆள் சேர்ந்தது. தெருவிளக்கு அம்மாவும் வந்துவிட்டாள்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் குனிஞ்சு அமுக்குங்க!"

"எதிர்க்கட்சிக்காரன் டயரா இருக்கப் போவுது, பார்த்து!"

"எப்போலேருந்து காத்து நிக்கலை? யார் மேலயாவது சந்தேகம் இருக்கா ஐயா?" என்றாள் அந்த அம்மா.

கூட்டம் சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நல்ல பல்வரிசை. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மூச்சு வாங்க நிமிர்ந்தான்.

"சாமி, எவ்வளவு அடிச்சாலும் நிக்க மாட்டேங்குதே?"

"நிக்க வைக்கிறது உன் சட்டைப் பையில இருக்கு."

அவசரமாகப் பைக்குள் கை விட்டான். துழாவினான். கட்சித் துண்டறிக்கைதான் வந்தது.

"சாமி, அது பழைய காக்கிச் சட்டை. இது புதுசு."

"சட்டைதானே புதுசு" என்றார் சாமி.

திருமேனி பம்பைக் கீழே வைக்கவில்லை.

சாமி எடுத்ததைச் சாமி அப்போதே திருப்பி மாட்டிவிட்டார். திருமேனி எடுத்த இரண்டும் இன்னும் வரவில்லை.