ஆலிக்குடியில் வீட்டுக்காரர் எங்கே?

முன்னொரு காலத்தில் குவளைநாட்டை ஏறுமாறன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். வயலில் நெல் விளைந்த வேகத்தில் அவன் வாயில் சட்டம் விளைந்தது. காலையில் ‘யாரும் தும்மக்கூடாது’ என்பான்; மாலையில் மிளகு ரசத்தைக் குடித்துத் தானே தும்மிவிட்டு, ‘அரசனோடு சேர்ந்து தும்மாதவருக்குத் தண்டனை’ என்பான். இவற்றைத் திருத்தித் திருத்தியே அமைச்சர் பொறையனாருக்குத் தலை நரைத்தது. நரைத்தது மட்டுமன்று, வழுக்கையும் விழுந்தது என்பர் மலையடிவாரத்தார்.

அவையில் வல்லபராயர் என்று ஒருவர் இருந்தார். அரசனின் பாட்டனார் பெருமாறருக்கு உடன்பிறந்த தம்பியின் பேரன். பொறையனார் வாயைத் திறந்தாலே இவருக்கு வயிறு எரியும். ஒருநாள் இவர் எழுந்து, “பிரபு, மேற்கு மலை ஆலிக்குடியில் ஒரு வீட்டுக்கும் ஆண் தலைவன் இல்லையாம். அரசருக்கே அவமானம்!” என்றார்.

“அப்படியா? வீட்டுக்காரர்களை எல்லாம் இழுத்து வாருங்கள்!” என்று படைத்தலைவனை ஏவினான் அரசன்.

ஆலிக்குடியாரின் வரலாறு இது. ஆலங்கட்டி மழையில் பிறந்த ஆலி என்னும் மாயப்பெண், தேனெடுக்கும் ஒருவனை மணந்தாள். ஒருநாள் அவன் கோபத்தில், “இது என் வீடு!” என்று கத்தினான். அவள் கட்டிய வீடு தூண் முதல் கூரை வரை உருகித் தண்ணீராய் ஓடிற்று. அன்றுமுதல் அம்மலையில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கணவன் கடைசிவரை விருந்தாளிதான், மாலைதோறும் வாசலில் நின்று, “உள்ளே வரலாமா?” என்று கேட்டுத்தான் நுழைவான்.

படைத்தலைவன் மலையேறி முதல் வீட்டுப் பெண்ணிடம் கேட்டான்: “வீட்டுக்காரர் இருக்கிறாரா?”

“அவர் அவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறார்.”

“அப்படியானால் இது?”

“இது என் வீடு. அவர் இங்கே விருந்தாளி.”

“எவ்வளவு நாளாக?”

“கல்யாணம் ஆனதிலிருந்து.”

அவன் மூச்சிரைக்க அடுத்த குன்றேறி அந்தக் கணவனைப் பிடித்தான். “நீர்தானே இந்த வீட்டுத் தலைவர்?”

“ஐயையோ, மெதுவாகப் பேசும்! தலைவி என் அக்காள். நான் கூரை வேய வந்தவன்.”

படைத்தலைவன் திரும்பி வந்து, “பிரபு, அந்த மலையில் ஆண்கள் இருக்கிறார்கள், வீடுகளும் இருக்கின்றன, இரண்டும் ஓரிடத்தில் இல்லை” என்று வாளைக் கழற்றி வைத்துவிட்டான்.

“அப்படியானால் சட்டம் போடுங்கள், பிரபு,” என்றார் வல்லபராயர். “பெருமாறர் காலம் தொட்டே, பெண் வழியாக வந்த எந்த வீடும் செல்லாது. ஆலிக்குடியார் மலையைவிட்டு இறங்கட்டும்.”

“எழுதுங்கள்!” என்றான் அரசன்.

பொறையனார் பெருமூச்சு விட்டார். “எழுதலாம் பிரபு. முத்திரை வைக்குமுன் அந்தக் குடியின் மூத்த தாயை அழைத்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேளாமல் துரத்தினார் என்ற பெயர் நமக்கு எதற்கு?”

அவ்வாறே சிலம்பாயி என்னும் மூத்த தாய் வந்தாள். வந்தவள் அரண்மனை வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். அழைத்தும் வரவில்லை. காத்திருந்து சலித்த அரசன் தானே வாசலுக்கு வந்தான். அவையும் பின்னால் வந்தது.

“உள்ளே வா, அம்மா!”

“இது யார் வீடு, மகனே? தாயின் பெயர் தெரியாத வீட்டுப் படியை நாங்கள் மிதிப்பதில்லை.”

“இது என் வீடு!”

வானத்தில் மேகமே இல்லை. ஆனாலும் ஓர் ஆலங்கட்டி அரசனின் மகுடத்தில் ‘டங்’ என்று விழுந்தது.

“என் வீடு என்கிறேன்!”

தேங்காய் அளவில் இன்னொன்று விழுந்து மகுடம் மூக்குவரை இறங்கிற்று.

“பிரபு,” என்றார் பொறையனார், “அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லலாமே. உங்கள் தாயார் பெயர்?”

“செங்கமலத்தேவி! ஊருக்கே தெரியும்!”

“அவள் இங்கே மருமகளாக வந்தவளா?” என்று கேட்டாள் சிலம்பாயி.

“இல்லை. பெருமாறரின் ஒரே மகள். என் தந்தைதான் வீட்டோடு மாப்பிள்ளை...” அரசன் குரல் தாழ்ந்தது.

“அப்படியானால் இது செங்கமலத்தேவி வீடு. அவள் வழியாக உனக்கு வந்தது.”

பொறையனார் ஓலையை நீட்டினார். “சட்டம் தயார், பிரபு. பெருமாறர் காலம் தொட்டே பெண் வழி வந்த எந்த வீடும் செல்லாது. முத்திரை வைத்த கணத்தில் இந்த அரண்மனை பெருமாறரின் தம்பி வழிக்குப் போகும். வல்லபராயரே, முன்னால் வாரும். மகுடத்துக்கு அளவு எடுக்கவேண்டும்.”

சொன்னவர் முகத்தில் சிரிப்பில்லை. கேட்டவர் அதை நம்பிவிட்டார். தம்மை மறந்து இரண்டடி வைத்து, தலைப்பாகையையும் கழற்றிவிட்டார். எல்லோரும் பார்ப்பதை உணர்ந்தபோது தலைப்பாகை கையில் இருந்தது.

அரசன் மகுடத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு அவரைப் பார்த்தான். ஓலையை வாங்கிக் கிழித்தான்.

“வல்லபராயரே, நீர் குடியிருக்கும் மாளிகை?”

“அது... என் மனைவியின் சீர், பிரபு.”

“நல்லது. இன்றுமுதல் மாலைதோறும் அவள் வாசலில் நின்று ‘உள்ளே வரலாமா’ என்று கேளும்.”

முதல் சில மாலைகள் அந்த அம்மாளுக்குக் காது கேட்கவில்லை.

“மலை உங்களுடையதே, தாயே. இனி யாரும் அங்கே வந்து ‘வீட்டுக்காரர் எங்கே’ என்று கேட்கமாட்டார்கள்” என்றான் அரசன். சிலம்பாயி, “செங்கமலத்தேவி வீட்டுக்கு வந்தேன்” என்று சொல்லிப் படியேறினாள். அவளுக்கு விருந்து நடந்தது.

விருந்து முடிந்ததும் அரசன் அமைச்சரின் தோளைத் தட்டினான். “என் அரியணையைக் காத்தீர். என்ன வேண்டுமானாலும் கேளும்!”

“ஒரே ஒரு நாள், பிரபு. ஒரு நாளாவது புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.”

அரசன் முகம் மலர்ந்தது. “அருமையான யோசனை! இப்போதே அதைச் சட்டமாக்கிவிடுவோம். எழுத்தரைக் கூப்பிடும்!”

பொறையனார் தலையில் கைவைத்துக்கொண்டு எழுத்தரைக் கூப்பிடப் போனார். கதையும் அவர் பின்னாலேயே போயிற்று.