உப்பு கேட்டா சீப்பு வந்த பந்தி

ரொம்ப காலம் முந்தி மருதக்கோட்டைச் சீமையை மருதவர்ம ராஜா ஆண்டாரு. நெல்லு மலையா குவிஞ்சு கிடக்கறதைக் கண்ணால பார்க்காட்டி அவருக்குத் தூக்கம் வராது. அதனால நாட்டு நெல்லு மொத்தமும் அரண்மனைக் களஞ்சியத்துலதான்.

மந்திரி விடங்கருக்கு அதுதான் கவலை. மழை நெருங்கிடுச்சு. ஆறு பெருகிட்டா அக்கரையில இருக்கற ஊருங்களுக்கு வண்டி போகாது. போன வருஷம் அங்க ஜனங்க புளியங்கொட்டையை வேகவெச்சுத் தின்னதைப் பார்த்தவரு அவரு.

"பிரபு, அக்கரைக்கு இப்பவே கொஞ்சம் நெல்லு..."

களஞ்சிய அதிகாரி பேராவுடையார் மூக்கால சிரிச்சாரு. "ம்ஹும்! மந்திரியாருக்கு அங்க மாமியார் வீடோ? கேட்டா அனுப்பிட்டாப் போச்சு!"

ராஜாவும் தலையாட்டிட்டாரு.

மறுநாள் அரண்மனையில விருந்து, ஏற்பாடு மந்திரி பொறுப்பு. ராஜா இலை முன்னாடி உட்கார்ந்து, "உப்பு!"ன்னாரு. அடுப்பையே மூணு கூப்பிடு தூரம் தள்ளி வெச்சிருந்தாரு விடங்கர். வாசல்ல ஒருத்தன் "உப்ப்பூ!" தோட்டத்துல ஒருத்தன் "ஈப்பூ!" மதில்கிட்ட ஒருத்தன் "சீப்பூ!" மூச்சு வாங்க ஓடியாந்தவன் இலையில வெச்சது ஒரு சீப்பு வாழைப்பழம்! சோறு வந்துச்சு, ஆறிப்போய். குழம்பு வழியெல்லாம் சிந்தி, வெறும் கரண்டிதான் வந்துச்சு.

"என்னய்யா இது கூத்து?"ன்னு ராஜா விடங்கரைக் கேட்டாரு.

"கேட்டா அனுப்பிட்டாப் போச்சுன்னு நேத்து முடிவாச்சே, பிரபு!"

பேராவுடையார் துள்ளினாரு. "எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்து கொட்டுங்கடா!"

கொட்டினாங்க. சோத்து மேல பாயசம், பாயசத்து மேல ரசம். ரசம் ஓடிப்போய் ராஜாவோட பட்டு வேட்டியில குளம் கட்டுச்சு.

தலை போகப்போகுதுன்னு தெரிஞ்சும் விடங்கர் வாயைத் திறந்தாரு.

"பந்தியில எப்படிப் பரிமாறுவோம் பிரபு? இலையில இப்போதைக்கு வேண்டியது. வாளி பக்கத்துலயே சுத்தும். அண்டா மட்டும் அடுப்படியில. நெல்லும் அப்படித்தான். ஊருக்கு ஊர் ஒரு சின்னக் குதிர், அக்கரைக்குப் பொதுவா ஒரு களஞ்சியம், மிச்சம் இங்க."

ராஜா ரசம் சொட்டச் சொட்ட எழுந்தாரு. "பேராவுடையாரே! வண்டியோட நீரே போம். கடைசி மூட்டை இறங்கற வரைக்கும் நீரே சுமந்து இறக்கும்!"

கடைசி வண்டி அக்கரை ஏறின மூணாம் நாள் வெள்ளம் வந்துச்சு. அந்த வருஷம் அங்க ஒரு அடுப்பும் அணையலை.

ராஜா தன் சால்வையை எடுத்து விடங்கர் தோள்ல போர்த்தினாரு.

"ஒரு நாழிகை பசிச்சதுக்கே உன் தலையை எடுக்கத் தோணுச்சுய்யா எனக்கு. போன மழைக்காலம் பூரா பசிச்ச ஜனங்க, என்னை வாழ்கன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தாங்க!"