தூக்க நோட்டின் மூன்று பக்கங்கள்

"கண்ண மட்டும் மூடிக்க. தூங்கிறாத. தூங்கிட்டா அம்மா பக்கத்துல வர்றதே தெரியாது."

செவ்வாய்க்கிழமை மதியம், பாய்கள் விரித்த அறையைக் கடந்து போகும்போது அம்சவேணியின் காதில் இது விழுந்தது. மூன்று வயது தர்ஷன், அடுத்த பாயில் கிடந்த சிறுமிக்குக் கிசுகிசுப்பாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அம்சவேணிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கையில் ஈரத்துணிகள் இருந்தன, காலையிலிருந்து உட்காரவில்லை. அப்படியே நடந்துவிட்டாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் காப்பகம் அது. இருபத்திரண்டு பிள்ளைகள். அம்சவேணிதான் பொறுப்பாளர். உதவி ஆசிரியை கல்யாணமாகிப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இருவர் வேலையை ஒருத்தியே செய்து செய்து, அம்சவேணி கனவில்கூட யாருடைய மூக்கையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதமாக மூன்று பேர் தன்னார்வலர்களாக வந்துகொண்டிருந்தார்கள். காலி இடமோ ஒன்றுதான். ஹேமப்பிரியா மழலையர் கல்வியில் பட்டயம் வாங்கியவள். செல்லக்கனி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். முதுகுவலியால் தையல் மெஷினை விட்டு வந்தவள். ஜெனிட்டா கல்லூரி முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். புதன், வியாழன், வெள்ளி என்று ஆளுக்கொரு நாள் முழுப் பொறுப்பையும் கொடுத்துப் பார்த்து, சனிக்கிழமை மாலைக்குள் ஒரு பெயரை எழுதி அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருந்தது.

அந்தக் காப்பகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தூக்க நோட்டு உண்டு. நாளுக்கு ஒரு பக்கம். பகலில் பிள்ளை எப்போது தூங்கியது என்று மேல் பாதியில் ஆசிரியை எழுதுவாள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது என்பதை மறுநாள் காலை அம்மா சொல்ல, கீழ்ப் பாதியில் குறித்துக்கொள்வார்கள். கம்பெனி வண்டிக்கு ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற சமாசாரம். பழைய பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை.

புதன் காலை தர்ஷனின் அம்மா வளர்மதி வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"டீச்சர், இவனப் பகல்ல தூங்க உடாதீங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு நான் வர்றதுக்கே ஒம்பது ஆயிருது. பக்கத்து வீட்டக்கா சாயங்காலமே கூட்டிட்டுப் போயி சோறு ஊட்டிப் படுக்கப் போட்டாலும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கான். நான் சோறாக்கி, பாத்திரம் கழுவி, துணி அலசிப் போட்டுட்டுப் படுக்கறப்ப பதினொண்ணரை. அதுவரைக்கும் முழிச்சுட்டே கெடக்கறான். இப்படியே போனா மெஷின்ல தூங்கி வுழுந்து வெரல்ல ஊசி ஏத்திக்குவேன்."

"தூங்க விடமாட்டேன்க்கா. கவலைப்படாம போங்க" என்றாள் ஹேமப்பிரியா. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். கண் சொருகும்போதெல்லாம் முகம் கழுவிவிட்டாள், கட்டை அடுக்கவைத்தாள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நாலு மணிக்கு வாயில் பிஸ்கட்டோடு சரிந்தவனைக் கைபிடித்து நடக்கவைத்தாள். நோட்டில், 'தூங்கவில்லை.' வியாழன் காலை வளர்மதி சொன்ன நேரம், "பதினொண்ணரை."

வியாழக்கிழமை செல்லக்கனியின் முறை. வளர்மதி மறுபடியும் அதையே கேட்டாள். "செரி கண்ணு, நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒரு மணிக்குத் தர்ஷன் அவள் மடியிலேயே தூங்கிப்போனான். இரண்டரை வரைக்கும் அவள் காலை அசைக்கவில்லை. மாலை நோட்டில் 'தூங்கவில்லை' என்று எழுதினாள். அம்சவேணி கேட்டதற்கு, "வளர்மதிப் புள்ள ஏற்கெனவே நொந்து கெடக்குது. நெசத்தச் சொல்லி இன்னுங் கொஞ்சம் நோகடிக்கோணுமா டீச்சர்?" என்றாள். வெள்ளி காலை வளர்மதி சொன்னாள்: "பகல்ல தூங்காமயும் அதே பதினொண்ணரைதான். என்ன பண்றதுன்னே தெரியல. இன்னைக்கும் தூங்க உடாதீங்க."

அன்று வாசலில் நின்றவள் ஜெனிட்டா. தலையைக் குனிந்துகொண்டே, "முடியாதுக்கா" என்றாள். "தூக்கம் வந்தா தூங்க விட்டுருவேன். எவ்வளவு நேரம்னு எழுதி வைக்கிறேன்."

"எழுதி வெச்சா? அந்த நோட்டு வந்து என் மெஷின்ல உக்காந்து தெச்சுக் குடுக்குமா?" வளர்மதி சீறினாள். "ஒரு புள்ளயப் பெத்துட்டு வந்து பேசு, போ!"

ஜெனிட்டாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. அன்றைய பக்கத்தில், '1.10 முதல் 2.30 வரை தூங்கினான்' என்று எழுதினாள். சனி காலை வளர்மதி அதைப் படித்தாள். "இந்தப் பொண்ண வேலைக்கு வெச்சீங்கன்னா எம்புள்ளய வேற எடத்துல சேத்துக்கறேன் டீச்சர்." பிறகு சலித்துப்போன குரலில், "பதினொண்ணரை" என்றாள்.

சனி மதியம். பிள்ளைகள் படுத்தாயிற்று. அம்சவேணி படிவத்தையும் தர்ஷனின் நோட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தி வாக்கைக் காப்பாற்றினாள். ஒருத்தி தாயும் நோகாமல் பிள்ளையும் வாடாமல் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி தாயின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டாள். எந்தப் பெயரையாவது எழுதிவிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பேனா உங்கள் கையில் இருந்தால் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பகலில் தூங்காத நாளும் பதினொன்றரை, தூங்கிய நாளும் பதினொன்றரை. வளர்மதி தலை சாய்க்கும் நேரமும் அதுவே. பிள்ளை விழித்திருந்தது அம்மா பக்கத்தில் வந்து படுப்பதற்காக. ஹேமப்பிரியா காப்பாற்றிய வாக்குக்காக வாடியவன் தர்ஷன். செல்லக்கனியைப் போலவே எழுதிவந்திருந்தால் காரணம் கடைசிவரை தெரிந்திருக்காது. கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதியவள் ஜெனிட்டா. அம்சவேணி அவள் பெயரை எழுதினாள். செல்லக்கனியைக் கூப்பிட்டு வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருத்தவைத்தாள். மாலை சீக்கிரமே வேலை முடிந்து தானே பிள்ளையை அழைக்க வந்த வளர்மதியிடம் மூன்று பக்கங்களையும் காட்டி, பாய் அறையில் காதில் விழுந்ததையும் சொன்னாள். வளர்மதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். செவ்வாய் காலை வந்தவள், ஜெனிட்டாவிடம் பேனாவை வாங்கி, திங்கட்கிழமைப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் தானே எழுதினாள்: 'ஒன்பது இருபது. பாத்திரம் அப்படியே கிடக்கிறது.'