ஒரே ஒரு அயிரை

கோடையில் ஏரி வற்றத் தொடங்கியிருந்தது. கருவேல மரத்தில் இறங்கும்போது ஒரு நாரையின் சிறகில் முள் பாய்ந்தது. நாரை அலகால் முள்ளைப் பிடுங்கிப் போட்டது. ஆனால் முனை மட்டும் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது.

நாரைக் கூட்டம் தெற்கே வேறொரு நீர்நிலைக்குப் புறப்படவிருந்தது. அதற்குள் சிறகு ஆற வேண்டும். ஆறாவிட்டால், காய்ந்த ஏரியில் அது தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

இரை பிடிக்க முடியாதவர்களுக்கென்று ஏரிக்கரை விலங்குகள் கரையோரக் குட்டையில் மீன் விட்டிருந்தன. அதற்கு ஆமை காவல். நோய்க்குப் பச்சிலை கட்டுவது மந்தி. குட்டை மீன் உண்பவர்களுக்கு மந்தி சும்மாவே கட்டும். மற்றவர்கள் அந்தக் குட்டையில் இரண்டு கெளுத்தியை உயிரோடு விட்டால்தான் கட்டும்.

நாரை முதலில் ஆமையிடம் போனது.

"ஆமையண்ணே, சிறகு வலியில் சரியாகக் குனிய முடியவில்லை. பசிக்கிறது."

"இன்று ஏதாவது பிடித்தாயா?"

"ஒரே ஒரு அயிரை."

"அப்படியென்றால் நீ பிடிக்க முடிந்தவள். இந்த மீன் உனக்கில்லை, தங்கச்சி."

நாரை மந்தியிடம் போனது.

"குட்டை மீன் கிடைக்கிறதா உனக்கு?" என்று மந்தி கேட்டது.

"இல்லை, அக்கா. நான் அயிரை பிடிக்கிறேனாம்."

"அப்படியானால் கெளுத்தி கொண்டுவந்து விடு."

"கெளுத்தி பிடிக்கிற தெம்பு இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?"

மந்தி தலையைச் சொறிந்தது. "அதற்கு நான் என்ன செய்ய? ஆமையைக் கேள்."

நாரை யோசித்தது. அந்த அயிரைதான் இடையில் நிற்கிறது என்று அதற்குத் தோன்றியது. மறுநாள் காலை தண்ணீரில் போய் நின்றது. கால்களுக்கு நடுவே அயிரை ஒன்று நெளிந்து போனது. நாரை குனியவில்லை.

சேற்றிலிருந்து ஒரு தவளை பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன, விரதமா? ஒற்றைக் காலில் நின்றது போதாதா உனக்கு?" என்றது.

பட்டினியில் நாட்கள் போயின. சிறகு வீங்கியது. தள்ளாடியபடி மறுபடி ஆமையிடம் வந்தது.

"அண்ணே, இப்போது நான் எதுவும் பிடிப்பதில்லை."

"முடியாமலா, வேண்டுமென்றா?"

நாரை வாய் திறக்குமுன், பின்னாலேயே வந்த தவளை முந்திக்கொண்டது. "காலடியில் போன மீனையே விட்டாள்! நான் பார்த்தேன்."

ஆமை முகத்தைச் சுளித்தது. "ஏமாற்றுகிறவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை" என்று ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

கூட்டம் புறப்பட்டது. தங்கை நாரை மட்டும் ஒருமுறை வட்டமிட்டுத் தாழ வந்தது.

"அக்கா, எழும்பு. காற்று நன்றாக இருக்கிறது."

"நீ போ. நான் பின்னாலேயே வருகிறேன்."

தங்கை நம்பிப் போனது. வானத்தில் நாரைக் கூட்டத்தின் கோடு மெலிந்து, பிறகு இல்லாமல் போனது. நாரை வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஏரியில் சேறு வெடித்தது. தவளையும் மண்ணுக்குள் போய்விட்டது. பேச்சுக் குரலே இல்லை.

ஒருநாள் மந்தி தண்ணீர் தேடிக் குட்டைக்கு வந்தது. "அந்த நாரைக்கு நீ மீன் கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்" என்றது.

"நீ மருந்து கட்டியிருப்பாய் என்றல்லவா நான் நினைத்தேன்" என்றது ஆமை.

இரண்டும் ஓடின. நாரை சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஆமை மெல்ல அதன் கண்ணைப் பார்த்தது.

"இப்போது இவளால் உண்மையாகவே பிடிக்க முடியாது. இனி இவளுக்கு மீன் உண்டு" என்று குட்டையிலிருந்து கெளுத்தி ஒன்றைக் கொண்டுவந்து அலகருகே வைத்தது.

"அப்படியானால் மருந்தும் உண்டு" என்று மந்தி பச்சிலையை அரைத்துச் சிறகில் கட்டியது.

கெளுத்தி துள்ளியது. நாரையால் அலகைத் திறக்க முடியவில்லை. திறந்திருந்த கண் மட்டும் தெற்கையே பார்த்தது. கெளுத்தி துள்ளி ஓய்வதற்குள் அந்தக் கண்ணும் ஓய்ந்துவிட்டது.

விழுந்து முடித்தவரை மட்டுமே தூக்குவேன் என்று காத்திருக்கும் கை, விழுந்துகொண்டிருப்பவரை ஒருநாளும் தாங்காது.