விதையில்லாக் கத்தரி

கொட்டாங்குளம் விதைப்பண்ணையில் வேலை பார்த்த மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது யாரிடம் இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் ஓயாத தகராறு.

மூவரில் மூத்தவன் அங்குராசு. அவனும் தவசியும் பேயாண்டியும் உருவாக்கிய கத்தரி ரகங்களை எந்த விவசாயியும் சீண்டவில்லை. கடைசியாக வந்த ரகத்தை நறுக்க அரிவாள் தேவைப்பட்டது. மாவட்டத்திலிருந்து அதிகாரியம்மா வந்து சத்தம் போட்டார்.

"உங்க இஷ்டத்துக்கு ரகம் பண்ணாதீங்க. சந்தைக்குப் போய், வாங்குறவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க. ஒருத்தரையும் விடாதீங்க. அவங்க சொல்றதை அப்படியே செய்யுங்க. மூணு வருசம் தர்றேன். விதைத் திருவிழாவுல விவசாயிங்க வரிசையில நிக்கலைன்னா பண்ணையைப் பூட்டிருவேன்."

அங்குராசுக்கு மச்சான் ஞாபகம் வந்தது. பண்ணையைப் பூட்டினால் மச்சானுடைய இட்லிக் கடையில் மறுபடியும் மாவாட்ட வேண்டும். ஆட்டுவதுகூடப் பரவாயில்லை, மச்சான் பக்கத்தில் நின்று புத்தி சொல்வான்.

சந்தையில் மூவரும் அதிகாரியம்மா சொன்ன சொல்லைத் தட்டவில்லை. கேட்டார்கள்; பதில் சொன்னவர்களை விடவில்லை. மதியத்துக்குள் தவசியின் பிடியில் இரண்டு பெண்களும், பேயாண்டியின் பிடியில் ஒரு கல்யாணச் சமையல்காரரும் இருந்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் அங்குராசு கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டு, அவர் கையையும் பிடித்துக்கொண்டான். லத்திதான் எல்லோரையும் விடுவித்தது. ஆனால் அத்தனை பேரும் ஒரே குறையைத்தான் சொல்லியிருந்தார்கள்: விதை பல்லில் மாட்டுகிறது, விதையே இல்லாத கத்தரி வேண்டும்.

மூன்று வருடம் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். விதை குறைந்த காயாகப் பொறுக்கி, அதிலிருந்த விதையை மறுபடி நட்டு, கடைசியில் ஒரு பாத்தி முழுக்க விதையே இல்லாத காய் காய்த்தது. அங்குராசு சந்தோஷத்தில் அழுதேவிட்டான். கலப்பு வந்துவிடக் கூடாதென்று பழைய விதையையெல்லாம் கோழிகளுக்குப் போட்டார்கள்.

திருவிழாவில் அந்தக் காயை எண்ணெய்க் கத்தரிக்காயாக வதக்கி எல்லோருக்கும் பரிமாறினார்கள். சாப்பிட்ட விவசாயிகள் கை கழுவாமலேயே வரிசையில் நின்றார்கள். அதிகாரியம்மா மனம் குளிர்ந்து, சீக்கிரம் விதையைக் கொடுக்கச் சொன்னார். மூவரும் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"விதை எங்கப்பா?" என்றான் அங்குராசு.

"காய்க்குள்ளதான் இருக்கும்," என்றான் தவசி.

"காய்க்குள்ள இருக்கக் கூடாதுன்னுதானே மூணு வருசம் பாடுபட்டோம்," என்றான் பேயாண்டி.

அங்குராசின் கண்ணில் மச்சானுடைய ஆட்டுக்கல் சுற்றியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான்.

"விதையில்லாக் கத்தரின்னு சொல்லிட்டு, பாக்கெட்டுக்குள்ள விதையைப் போட்டுக் கொடுத்தா அது ஏமாத்து வேலை இல்லையா?"

மற்ற இருவரும் அதில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. காலிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, ஒட்டி, பெயர்ச்சீட்டு போட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. பண்ணைக்குப் பூட்டு இல்லை என்று அதிகாரியம்மா மைக்கிலேயே அறிவித்துவிட்டுக் காரில் ஏறினார். அங்குராசு மச்சான் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தான்.

மறுவாரமே கிட்ணப்பன் என்ற விவசாயி கொதித்துப்போய் வந்தார். அவரும் கொட்டாங்குளத்துக்காரர்தான்.

"நிலத்தை உழுது வச்சுட்டு ஆசையாப் பிரிக்கிறேன், உள்ள ஒரு விதை கெடக்கு. இப்படியா கலப்படம் பண்ணுவீங்க?"

அங்குராசு கண்ணாடி போட்டுப் பார்த்தான். விதையேதான். அவமானத்தில் அவன் முகம் கறுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, ஒட்டாமல் மிச்சமிருந்த காலிப் பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து ஒட்டி, அவர் காதோரம் குலுக்கிக் காட்டினான். சத்தம் எதுவும் வரவில்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கையில் கொடுத்தான்.