மயில் முத்திரை மடிக்கணினி

முன்னொரு காலத்தில், ரொம்ப முன்னால் இல்லை, மடிக்கணினி வந்த பிறகுதான், நெடுங்கரை நாட்டை விசயமல்லன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மாலையில் அதை மறந்துபோவான். அவனுடைய கல்லூரியில் நாற்பதே இடம். அந்த வருஷத் தேர்வில் முதலாவதாக வந்தவள் தையல்நாயகி. அவள் அம்மா கடைத்தெருவில் கருவாடு விற்பவள்.

களஞ்சியத் தலைவர் ஆளவந்தாரின் மகனும் அந்தத் தேர்வை எழுதியிருந்தான். நாற்பத்து மூன்றாவதாக வந்திருந்தான்.

ஆளவந்தாருக்கு வயிறு எரிந்தது. நேராக ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, தங்கள் கல்லூரிக்குக் கண்ட கண்ட பிள்ளைகளும் ஓட்டை உடைசல் கணினியோடு வந்தால் தங்கள் கௌரவம் என்ன ஆவது? தங்கள் மேஜையில் இருக்கிறதே, பொன்மூடி போட்ட மயில் முத்திரைக் கணினி, அதைக் கொண்டுவந்தால்தான் அனுமதி என்று சொல்லிவிடுங்கள்."

"அட, நல்ல யோசனை! வரிசையாக நாற்பது பொன்மூடி! பார்க்கவே ஜோராக இருக்கும்" என்றான் ராஜா. சட்டம் அன்றே பறையறைந்து அறிவிக்கப்பட்டது.

மயில் முத்திரையின் விலை மூன்று கறவை மாட்டின் விலை.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே தையல்நாயகி தனக்கு ஒன்று வாங்கிவிட்டாள். பழைய கணினிகளைப் பழுதுபார்த்து விற்கும் பக்கிரியின் கடையில் மூன்று நாள் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"சிவப்பு நல்லா இருக்கு பாரு, தாயி" என்றார் பக்கிரி.

"நிறம் கிடக்கட்டும், மாமா. சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்? கெட்டுப்போனா பிரிச்சு மாட்ட முடியுமா?"

பக்கிரி சிரித்துக்கொண்டே, ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு கறுப்புக் கணினியை எடுத்தார். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் புது எஸ்எஸ்டி போட்டார். ரேமை இரட்டிப்பாக்கினார். மூடியில் கீறல், ஓரத்தில் ஒரு வெடிப்பு. ஆனால் பொத்தானை அழுத்தியதும் சட்டென்று விழித்துக்கொண்டது.

கல்லூரி வாசலில் காவலர்கள் அதைப் பார்த்ததுமே கையை நீட்டி மறித்தார்கள். அன்று அவளோடு சேர்த்துப் பதினேழு பேர் திரும்பினார்கள். பதினேழு இடமும் காலி. அதில் ஒன்றைப் பிடித்து ஆளவந்தாரின் மகன் உள்ளே போனான்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தையல்நாயகி அரண்மனை வாசலுக்குப் போனாள். 'இன்று ராஜா வேட்டை', 'இன்று ராஜாவுக்குத் தலைவலி' என்று பதினொரு நாள் காக்கவைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவைக்குள் விட்டார்கள்.

"மகாராசா, என் கணினி மயிலைவிட மட்டம்னு நிரூபிச்சா நான் போயிடறேன்."

அவை கொல்லென்று சிரித்தது. "மயிலைத் தொட்ட கைக்கு இரண்டும் ஒன்றா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்" என்றார் ஆளவந்தார்.

"கண்ணை மூட வேணாம், ஐயா. மூடியை மட்டும் மூடிக்கலாம்."

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவனுடைய மயிலையும் அவளுடைய கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையும் விசைகளும் மட்டும் தெரியும்படி பட்டுத்துணியால் சுற்றினார்கள். எது எங்கே என்று சுற்றிய சேவகனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இரண்டிலும் ஒரே பாடப்புத்தகம், ஒரே வரைபடம், ஒரே காணொளிப் பாடம். மூன்றையும் ஒன்றாகத் திறக்க வேண்டும்.

ஆளவந்தார் தட்டினார். இடப்பக்கத்தது மளமளவென்று மூன்றையும் திறந்து காட்டியது. வலப்பக்கத்ததில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"சந்தேகமே இல்லை! இடது மயில். வலது கருவாட்டுக்காரி வீட்டுக் குப்பை" என்றார்.

"ஆமாம், ஆமாம். இந்த வலதைத் தூக்கிக் கிணற்றில் போடலாம்" என்றான் ராஜா.

துணியை விலக்கினார்கள். வலப்பக்கத்தில் பொன்மூடி பளபளத்தது.

தையல்நாயகி தலை குனிந்தபடி கேட்டாள்: "ஐயா இதைத் தினமும் பார்க்கிறவரு. ஒருநாளாவது திறந்து பார்த்ததுண்டா?"

ராஜா முதலில் முறைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். ஆளவந்தாரின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான். தன் கழுத்து முத்துமாலையை அவளுக்கு நீட்டினான்.

"மாலை வேணாம், மகாராசா. சட்டத்தை எடுத்துடுங்க. திருப்பி அனுப்பின எல்லாரையும் கூப்பிடுங்க."

"எடுத்தாயிற்று! ஆனால் ராணி இதைப் பார்க்கவில்லையே. நாளைக்கு இன்னொரு தடவை செய்து காட்டு."

ராணிக்காக ஒருநாள். மாமனாருக்காக ஒருநாள். பக்கத்து நாட்டுத் தூதருக்காக ஒருநாள். ஒவ்வொரு நாளும் ராஜா புதிதாகச் சிரித்தான். சட்டம் நீங்கியதற்குப் பறை அடிக்க மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் சட்டத்தை நீக்கிய ஓலையை அவளே வாங்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தாள்.

சிலர் செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள். ஒருவன் கப்பல் ஏறிவிட்டான். ஒன்பதாம் இடம் வந்த செல்லக்கிளியின் வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பா ஓலையை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"சட்டத்தை மாத்திட்டாங்களா, அம்மா?" என்றார். "முந்தாநாள்தான் கட்டிக் குடுத்தோம். இனிமே படிப்பு ஏதுன்னு சொல்லித்தான் கட்டினோம்."

ஓலையைப் பத்திரமாக மடித்து தையல்நாயகி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பதினேழு பேரில் அவளோடு சேர்த்து ஆறு பேர்தான் கல்லூரிக்குத் திரும்பினார்கள். ஆளவந்தாரின் மகன் முதல் வரிசையிலேயே இருந்தான். பையன் என்ன செய்வான் என்று ராஜா விட்டுவிட்டான். அறுவடை முடிவதற்குள் ஆளவந்தாருக்குத் தலைப்பாகையும் திரும்பக் கிடைத்தது.

நெடுங்கரையில் யாருக்காவது சிரிக்கத் தோன்றினால் இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். தையல்நாயகி அங்கே இருந்தால், எழுந்து வெளியே போய்விடுவாள்.